உறைபனிக் காலமும் அறைக்குள் கரிச்சட்டியும்: மயங்கிக் கிடக்கும் நாயை நெருப்பருகே இழுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் உறைபனி விழத் தொடங்கியதும், உதகை தாவரவியல் பூங்காவின் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படம் தங்கள் நாளிதழில் வந்துவிடும். அடுத்து வரும் வாரங்களில் ஏதாவது ஒரு நாள், உள்பக்கத்தின் ஓரத்தில், அறைக்குள் கரி மூட்டிக் குளிர்காய்ந்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியும் வரும். உதகையாகவோ கொடைக்கானலாகவோ இருக்கும், சுற்றுலா வந்தவர்களாகவோ உள்ளூர்க்காரர்களாகவோ இருப்பார்கள். அந்தச் செய்திகளில் வீட்டு நாயைப் பற்றியோ பூனையைப் பற்றியோ ஒரு வரிகூட இருப்பதில்லை. மனித உயிர் போன இடத்தில் நாயைப் பற்றி எழுதுவது பொருத்தமில்லை என்று செய்தியாளர்கள் நினைப்பதில் தவறில்லை. ஆனால் கால்நடைத் துறையில் ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், இந்த மலையில் பல குளிர்காலங்களைக் கண்டவன் என்ற முறையில், அந்த நாயைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அந்த நாய்க்கு என்ன நேர்ந்தது என்று வீட்டார் புரிந்துகொள்கிறார்களா, தவறாகப் புரிந்துகொள்கிறார்களா என்பதைப் பொறுத்தே பல வீடுகளில் மனிதர்கள் பிழைப்பதும் இருக்கிறது.

எங்கள் மலையின் பழைய பங்களாக்களில் கணப்பு உண்டு. அதற்கென்று கட்டிய புகைபோக்கி கூரைக்கு மேலே நிற்கும், எரிவது எதுவானாலும் அதன் காற்று மேலே போய்விடும். கடந்த சில பத்தாண்டுகளில் எழும்பிய கான்கிரீட் வீடுகளில் அது கிடையாது, தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் அடுப்படிக்கு வெளியே எங்கும் அது இருந்ததில்லை. குளிர் மட்டும் எல்லா வீடுகளுக்கும் ஒன்றுதான். மின்சாரக் கணப்பை இரவு முழுவதும் ஓடவிட்டால் வரும் கட்டணத்தை எல்லோராலும் கட்ட முடியாது. உறைபனி இரவில் மின்தடை வந்தால் கட்டணம் கட்ட முடிந்தவருக்கும் அது உதவாது. ஆகவே பழைய இரும்புச் சட்டியிலோ, அடிப்பாகம் வெட்டிய தகர டின்னிலோ கரியை மூட்டி அறை நடுவில் வைப்பது இங்கே சாதாரணம். கூடவே கதவிடுக்கில் சாக்கு, வென்டிலேட்டரில் அட்டை, சன்னல் விளிம்பில் பழைய துணி. மூடுபனி உள்ளே வராமல் இருக்கச் செய்த இந்த ஏற்பாடு, உள்ளே கரியிலிருந்து உண்டாகும் நச்சு வாயு வெளியே போகாமலும் பார்த்துக்கொள்கிறது.

மார்கழியில் ஒரு நாள் விடியும் முன்பு பக்கத்து வீட்டு அம்மையார் என் கதவைத் தட்டினார். "அண்ணா, மல்லி விறைச்சுப் போச்சு, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். மல்லி என்பது அவர்கள் வளர்க்கும் சிப்பிப்பாறை இனப் பெண் நாய். விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் வெயிலுக்கென்றே அமைந்த உடம்பு அது. தோலோடு ஒட்டிய குட்டை முடி, கொழுப்பே இல்லாத விலா, நீண்ட மெல்லிய கால்கள். தலைக்குந்தாப் பக்கத்து உறைபனிக்கு இப்படி ஒரு நாயைக் கொண்டு வந்து வளர்ப்பது சரியா என்று நான் அந்த வீட்டுக்காரரோடு வாதாடியது உண்டு. தம் பெண் கல்லூரி முடித்து ஊர் திரும்பும்போது சாத்தூரிலிருந்து குட்டியாக எடுத்து வந்தது, வேறு யாரிடமும் கொடுக்க மனம் வராது என்பார் அவர். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

நான் உள்ளே போனபோது அறையின் வெதுவெதுப்பு முகத்தில் பட்டது. புகையில்லை, வாடையில்லை, கண் எரியவில்லை. கரிச்சட்டி அறை நடுவில் இருந்தது. மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்துக் கிடந்தது. நாயை அந்தச் சட்டிக்கு ஒரு முழ தூரத்தில் படுக்க வைத்து, மேலே இரண்டு கம்பளிகளைப் போர்த்தியிருந்தார்கள். குளிரில் விறைத்துவிட்டது, சூடு காட்டினால் எழுந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். கட்டிலில் வீட்டுக்காரர் எழுந்து உட்கார முயன்று மறுபடி சாய்ந்தார். கோவையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி இரவிலேயே வாந்தி எடுத்திருந்தாள். இராச் சாப்பாட்டுக் குருமா ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் கொடுத்திருந்தார்கள். அம்மையாருக்கும் தலை பாரமாக இருந்ததாம். பனிக்காலத்துச் சளித் தலைவலி என்று தைலம் தேய்த்திருந்தார்.

நாய் விறைத்திருக்கவில்லை. கம்பளியை விலக்கித் தொட்டுப் பார்த்தால் காதும் பாதமும் கதகதப்பாகவே இருந்தன. கால்கள் துணிபோலத் துவண்டன. படுத்த இடம் சிறுநீரில் நனைந்திருந்தது. நாயும் பேத்தியும் தாத்தாவும் ஒரே இரவில் ஒரே அறையில் நோய்ப்பட்டால் அதற்குக் குளிரையும் குருமாவையும் தனித்தனியாகக் காரணம் சொல்ல முடியாது. எல்லோரும் உடனே வெளியே வாருங்கள், போர்வையோடு வாருங்கள், எதையும் தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கி வாசலில் விட்டோம். வீட்டுக்காரரை இருபுறமும் தாங்கி இறக்கினோம். அதன் பிறகுதான் நாய். அது படுத்திருந்த கம்பளியின் முனையைப் பிடித்து அப்படியே தரையோடு இழுத்து வந்து, பனி உறைந்த முற்றத்தில் போட்டேன். இந்தக் குளிரில் வெளியே போட்டால் செத்துப்போகுமே என்று அம்மையார் அழுதார். அந்த நேரத்தில் அவர் வேறு எப்படி நினைத்திருக்க முடியும்? குளிரில் வாடும் உயிரை அணைத்துச் சூடேற்றுவது தாய் மனத்தின் முதல் செயல். இந்த விபத்தில் மட்டும் அந்தச் செயல்தான் கொல்லும். இந்தக் கடிதத்தை நான் எழுதுவது இந்த ஒன்றைச் சொல்வதற்காகவே.

கரி எரியும்போது, போதுமான காற்று கிடைத்தால் கரியமில வாயு உண்டாகும். சட்டியில் குவிந்து கனன்று கிடக்கும் கரியின் அடியில் அப்படி நடப்பதில்லை. கீழே உண்டான கரியமில வாயு, மேலே இருக்கும் செந்தணல் வழியாக ஏறும்போது அங்குள்ள கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறிவிடுகிறது. புதிதாக மூட்டிய கரியின் மேல் சில நேரம் நீலச் சுடர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எரிந்து தீர்ந்துகொண்டிருக்கும் அந்த வாயுதான் அது. சுடர் அடங்கிய பின் அதே வாயு எரியாமல் அறைக்குள் கலக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சில் சொல்லும் அந்த நிலையில்தான் ஆபத்து மிகுதி. சட்டி அணைந்துவிட்டது என்று நினைத்துக் கதவைச் சாத்திப் படுக்கும் நேரமும் அதுவே. கரியை வெளியில் மூட்டிப் புகை அடங்கிய பிறகே உள்ளே கொண்டுவருகிறோம் என்று என் பக்கத்து வீட்டார் மட்டுமல்ல, இந்த மலையில் பலரும் நம்பிக்கையோடு சொல்வார்கள். புகை கண்ணை உறுத்தி நம்மை வெளியே துரத்தும். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, இருமல்கூட வராது. புகை அடங்கும்வரை காத்திருப்பவர் தம்மை எச்சரிக்கக்கூடிய ஒன்றை வெளியில் விட்டுவிட்டு, எச்சரிக்காத ஒன்றை உள்ளே எடுத்து வருகிறார்.

இந்த வாயு எப்படிக் கொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கியவர்களில் ஒருவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட். அவர் 1850களில் இதை அறிந்துகொண்டது நாய்களின் மீது நடத்திய சோதனைகளில் என்பது வருத்தத்தோடு நினைக்க வேண்டிய செய்தி. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே காற்றில் மிகச் சிறிய அளவு கலந்திருந்தாலும், மணிக்கணக்கில் சுவாசிக்கும்போது இரத்தத்தில் அது சேர்ந்துகொண்டே போகும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், உள்ளே மூளை பட்டினி கிடக்கும். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியில் கிடைப்பதைவிடக் கால் பங்குக்குச் சற்றே குறைவான அளவு குறைந்துதான் இருக்கிறது. சென்னையில் தலைவலியோடு போகக்கூடிய ஒரு சட்டிக் கரி, இங்கே மயக்கத்தில் கொண்டுபோய் விடுவதற்கு அந்தக் குறையும் ஒரு காரணம்.

குளிரில் விறைத்த நாய்க்கும் இந்த வாயுவால் மயங்கிய நாய்க்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் உள்ளவர்களே கண்டுகொள்ள முடியும். நாயின் இயல்பான உடல் வெப்பம் நம்மைவிடக் கூடுதல். 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும். குளிரால் துன்பப்படும் நாய் முதலில் வெடவெடவென்று நடுங்கும், உடம்பைச் சுருட்டிக்கொள்ளும், காது நுனியும் பாதமும் சில்லிட்டிருக்கும், ஈறு வெளுத்திருக்கும். கணப்பு எரியும் சூடான அறையில் ஒரு நாய் குளிரால் நினைவிழப்பது நடக்கக்கூடியதன்று என்பதை மட்டும் நினைவில் வைத்தாலே போதும். வாயுவால் பாதிக்கப்பட்டது நடுங்காது. முதலில் தள்ளாடி நடக்கும், கூப்பிட்டால் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி போட்டுவிடும், வாந்தி எடுக்கும், பிறகு அசைவற்றுக் கிடக்கும். ஈறும் நாக்கும் வழக்கத்தைவிட நல்ல சிவப்பாக இருக்கும் என்று பாடநூல்கள் சொல்லும். அந்தச் சிவப்பு எல்லாவற்றிலும் தெரிவதில்லை. ஆகவே அது இல்லை என்பதால் சந்தேகத்தை விட்டுவிடக் கூடாது. சிவந்திருந்தால், இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, தூங்கட்டும் என்று விட்டுவிடுவதும் கூடாது. நான் பணியில் இருந்த காலத்தில் அப்படித் தூங்கவிட்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

மீட்கும் முறையையும் எழுதிவிடுகிறேன். கதவைத் திறந்துவிட வேண்டும், ஆனால் திறந்த கதவை நம்பி உள்ளே நின்றுகொண்டு வேலை பார்க்கக் கூடாது. முதலில் மனிதர்கள் வெளியேற வேண்டும். நாயை எவ்வளவு நேசிப்பவரானாலும் இந்த வரிசையை மாற்றக் கூடாது; நாயைத் தூக்கப் போய் அதன் மேலேயே விழுந்தால் இருவரையும் எடுக்க ஆள் இருக்காது. குனிந்து தூக்குவதைவிட, படுத்திருக்கும் விரிப்போடு இழுப்பது விரைவு. சட்டியை வெளியே தூக்கிப் போடுகிறேன் என்று தடுமாறும் நிலையில் யாரும் தணலைச் சுமக்க வேண்டாம். அறை காற்றாடிய பின் அதைப் பார்த்துக்கொள்ளலாம். வெளியே கொண்டுவந்ததும் நாயை வலப்பக்கமாகக் கிடத்தி, கழுத்தை நேராக நீட்டி, நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, வாயில் வாந்தி இருந்தால் துடைத்தெடுக்க வேண்டும். நினைவில்லாத நாய்க்குப் பாலோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. மலைக்குளிருக்குப் பிராந்தி நல்லது என்று நாயின் வாயில் ஊற்றியவர்களும் உண்டு. அது நுரையீரலுக்குள் போய், வாயு செய்யாமல் விட்ட வேலையைச் செய்துவிடும்.

மூச்சு ஓடினால் அதன் போக்கில் விட்டுவிட்டு வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம். மூச்சு நின்றிருந்தால், வாயைக் கையால் இறுக மூடிக்கொண்டு, மூக்குத் துவாரங்களின் மேல் நம் வாயை வைத்து, விலா சற்றே எழும்பும் அளவுக்கு ஊத வேண்டும். நிமிடத்துக்குப் பத்து முறை, அதாவது ஆறு விநாடிக்கு ஒன்று. இதயத் துடிப்பும் தெரியாவிட்டால் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். 30 அழுத்தலுக்கு இரண்டு ஊதல் என்பது இன்று கால்நடை மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் கணக்கு. சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு அழுத்த வேண்டிய இடம் முழங்கை வந்து படும் இடத்தில், இதயத்துக்கு நேர் மேலே. மல்லிக்கு மார்பை அழுத்த வேண்டியிருக்கவில்லை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது, சில ஊதல்களுக்குப் பிறகு தானாகவே சீரானது. நினைவு திரும்பும் நேரத்தில் தன் வீட்டாரையே அடையாளம் தெரியாமல் கடிக்கக்கூடும். பல்லருகே முகத்தை வைத்துக் கொஞ்ச வேண்டாம் என்று அம்மையாரை நான் விலக்க வேண்டியிருந்தது. வெளியே குளிர்கிறதே என்றால் கம்பளி போர்த்தலாம், வண்டிக்குள் வைக்கலாம். சுத்தமான காற்று கிடைத்த பிறகு சூடு கொடுப்பதில் தவறே இல்லை.

வீட்டுக்காரரையும் பேத்தியையும் 108 வண்டி ஏற்றிப் போனது. மருத்துவமனையில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், இருவருக்கும் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பதாகவே காட்டியதாம். அந்தக் கருவி ஹீமோகுளோபினின் நிறத்தைப் பார்த்துக் கணிப்பது. ஆக்சிஜன் ஏறிய சிவப்புக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய சிவப்புக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. கரிச்சட்டியைப் பற்றியும் நாய் மயங்கியதைப் பற்றியும் அம்மையார் சொன்னதும், பணியில் இருந்த இளம் மருத்துவர் கருவி காட்டிய அளவை நம்பாமல் உடனே முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுக்கத் தொடங்கினார். அந்த இளைஞரை நான் பார்க்கவில்லை, பாராட்ட வேண்டியவர். ஆகவே மருத்துவமனைக்குப் போகிறவர்கள் தலைவலி, வாந்தி என்று மட்டும் சொல்லாமல், அறையில் கரி எரிந்தது, கூட இருந்த நாயோ பூனையோ விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனிதர்களில், சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் சேர்ந்த வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடியில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி முதல் ஒன்றரை மணிக்குள் அது நடந்துவிடும். வெளியே வந்து தெளிந்துவிட்டோமே, மருத்துவமனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதுதான் விடை.

நாயின் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. தெரிந்தவர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன முதல் இடத்தில் ஆட்கள் இருந்தார்கள், நல்ல மனதோடும் இருந்தார்கள், ஆக்சிஜன் உருளை காலியாக இருந்தது. அந்த இடத்தின் பெயரைச் சொல்வது என் நோக்கமில்லை. மலையில் எந்த இடத்திலும் அப்படி இருக்கக்கூடும். அங்கிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்த்தான், பிளாஸ்டிக் புட்டியின் அடியை வெட்டி முகமூடியாக்கி ஆக்சிஜன் ஏற்றினார்கள். பிற்பகலில் மல்லி எழுந்து நின்றாள். ஒரு வாரம் கழித்து, கூப்பிட்டால் திரும்புவதில்லை, கிண்ணத்தைத் தட்டினாலும் வருவதில்லை என்று அம்மையார் வந்து சொன்னார். இந்த வாயுவில் தப்பிய விலங்குகளில் சிலவற்றுக்குக் காது மந்தமாவது உண்டு. மனிதர்களுக்கும், முற்றிலும் குணமானவர்போல் வீடு திரும்பி, சில நாட்களோ வாரங்களோ கழித்து மறதி, தடுமாற்றம், குணமாற்றம் வருவது மருத்துவர்கள் அறிந்ததே. மல்லிக்குக் கேட்கும் திறன் பங்குனிக்குள் பெருமளவு திரும்பிவிட்டது. ஒரு மாதமாவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் யாராவது, அப்படியென்றால் வீட்டில் ஒரு நாய் இருந்தால் அதுவே நம்மை எச்சரித்துவிடும், கரி மூட்டலாம் என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன், வேல்ஸில் 1896ஆம் ஆண்டு நடந்த சுரங்க வெடிப்பை ஆராய்ந்து, இறந்தவர்களில் பெரும்பாலோர் வெடியால் அல்ல, இந்த வாயுவால் இறந்தார்கள் என்று கண்டறிந்தார். அதன் பின்னர்தான் சுண்டெலியையும் கேனரிப் பறவையையும் சுரங்கத்துக்குள் எடுத்துப் போகும் வழக்கம் பரவியது. பிரிட்டன் 1986இல்தான் அதைக் கைவிட்டது. சின்னஞ்சிறு உடல், வேகமான மூச்சு, அதனால் மனிதனுக்கு முன்னால் விழும் என்பது கணக்கு. கூண்டில் கிளியோ லவ் பேர்ட்ஸோ வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் இருபது கிலோ எடையுள்ள நாய்க்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சட்டிக்கு அருகில் படுப்பதாலும், இரவு முழுவதும் அறையைவிட்டு நகராததாலும் அது முந்திக்கொள்ளலாம்; மனிதர்களோடு சேர்ந்தே விழவும் செய்யலாம். அன்று அம்மையார் விழித்தது நாய் குரைத்ததால் அல்ல, தலைவலி தாங்காமல். மூன்று பேரும் நன்றாகத் தூங்கியிருந்தால் நாய் விழுந்ததை யார் பார்த்திருப்பார்கள்? எச்சரிக்கைக்கு மின்கலத்தில் ஓடும் கார்பன் மோனாக்சைடு கருவிகள் இப்போது இணையக் கடைகளில் கிடைக்கின்றன. புகையை உணரும் கருவி வேறு, இது வேறு. வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும்.

நாய்க்குக் குளிர்கிறது என்பதற்காகவே சட்டியை உள்ளே வைத்தோம் என்று வீட்டுக்காரர் பிறகு என்னிடம் சொன்னார். அதில் பொய்யில்லை, மெல்லிய தோல் நாய்கள் மார்கழி இரவில் உண்மையிலேயே துன்பப்படும். அதற்கு நெருப்பு தேவையில்லை. சிமென்ட் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை, அதன் மேல் வைக்கோல் திணித்த சாக்கு, உடம்பைச் சுற்றிக் கட்டும் பழைய ஸ்வெட்டர், துணி சுற்றிய வெந்நீர்ப் பை, இரவில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான உணவு, இவை போதும். குட்டை முடி நாயைத் தனியறையில் கட்டாமல் வீட்டார் படுக்கும் அறையில் படுக்கவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. இதற்குச் சில வீட்டுப் பெரியவர்கள் சம்மதிப்பதில்லை என்பதை அறிவேன். மின்சாரக் கணப்பில் இந்த வாயு உண்டாவதில்லை. துணி பட்டால் தீப்பிடிக்கும் என்ற கவனம் மட்டும் வேண்டும். ஒரு சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கரி மூட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, விழித்திருந்து வாசலிலோ திண்ணையிலோ குளிர்காயுங்கள், தூங்கும் அறைக்குள் வேண்டாம் என்பதே என் விடை. எவ்வளவு திறந்தால் போதும் என்பதைத் தூங்கும் மனிதரால் அளக்க முடியாது.

தங்களிடம் வேண்டுவது ஒன்று உண்டு. உறைபனிப் படம் வெளியிடும் நாட்களில், வெப்பநிலை எத்தனை பாகைக்கு இறங்கியது என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கரி எரிந்த அறையில் மனிதரோ விலங்கோ சோர்ந்து கிடந்தால் சூடேற்ற வேண்டாம், எல்லோரும் வெளியேறுங்கள் என்று ஒரு வரி சேர்த்து வெளியிடலாம். சுற்றுலா வருபவர்கள் புறப்படும் முன் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். இப்போது நாயையும் அழைத்துக்கொண்டு மலைக்கு வருபவர்கள் பெருகிவிட்டார்கள். செல்லப் பிராணிகளுக்கு அனுமதி உண்டு என்று விளம்பரம் செய்யும் தங்கும் விடுதிகள், அந்த அறைகளுக்குப் பார்பிக்யூ அடுப்பையும் கேட்டதும் கொடுத்தனுப்புகின்றன. மாலையில் முற்றத்தில் இறைச்சி சுட்ட அடுப்பு, இரவில் குளிர் ஏறியதும் தணலோடு அறைக்குள் போய்விடுகிறது. சமையல் முடிந்ததும் அடுப்பைப் பணியாளரே திரும்ப எடுத்து, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும் என்ற விதியை விடுதிகளுக்கு மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்கலாம்.

கால்நடைத் துறைக்கும் ஒரு வார்த்தை. 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ வண்டிகள் மாடு, ஆடு வளர்க்கும் விவசாயிகளின் வாசலுக்கே போய் நல்ல பணி செய்கின்றன. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை போன்ற மலைப் பகுதிகளில் ஓடும் வண்டிகளிலும், அங்குள்ள கால்நடை மருத்துவமனைகளிலும், நவம்பர் முதல் பிப்ரவரி வரையாவது நிரப்பிய ஆக்சிஜன் உருளை ஒன்றும், நாய் மூக்கின் அளவுக்கேற்ற முகமூடிகள் இரண்டு மூன்று அளவுகளிலும் இருக்க வேண்டும். உருளையை வாங்கி வைப்பது பெரிய செலவன்று. அதை மாதந்தோறும் திறந்து அழுத்தத்தைப் பார்த்து, குறைந்தால் நிரப்பி அனுப்பும் பொறுப்பு யாருடையது என்று பெயர் குறித்து ஒரு பதிவேடு போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. முப்பதாண்டுக்கு மேல் அரசுப் பணியில் இருந்தவன் என்பதால் இதைத் தனியே எழுதுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
உதகமண்டலம்